தேக்கா ஆடும் பிடோக் மனிதரும்: விலாக்கூட்டில் ஓர் ஒப்பாய்வு

பிடோக் நார்த் ஸ்திரீட் 1ல் 216ஆம் புளோக்கின் ஈரச்சந்தை இருக்கிறது. அதே தெருவில் 11ஆம் எண்ணில், 2017ல் திறக்கப்பட்ட ஹார்ட்பீட்@பிடோக் கட்டடம். நூலகம், விளையாட்டு நிலையம், கம்போங் சாய் சீ சமூக மன்றம் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்த அந்தக் கட்டடத்தில்தான் பிடோக் பலதுறை மருந்தகமும் இயங்குகிறது. தெருவின் ஒரு பக்கம் இறைச்சி வெட்டுகிறார்கள், இன்னொரு பக்கம் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். ஆட்டுக்கறி என்று வந்துவிட்டால் மட்டும் பிடோக்கில் இருக்கும் நம்மவர்களின் கால்கள் இன்றும் தேக்கா சந்தையை நோக்கித்தான் நடக்கும். கேட்ட இடத்தில் கேட்ட அளவில் வெட்டித் தரும் கை அங்கே இருக்கிறது. "அரைக் கிலோ நெஞ்செலும்பு, சூப்புக்கு" என்று தமிழில் சொன்னால் போதும்.

அந்த நெஞ்செலும்பையும் மருந்தகத் திரையில் தெரியும் நெஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. இரண்டிலும் இருக்கும் எலும்புகளின் பட்டியல் ஏறக்குறைய ஒன்றே: பின்னால் முதுகெலும்பு, முன்னால் மார்பெலும்பு, நடுவில் வளைந்து வரும் விலாக்கள், அவற்றை மார்பெலும்போடு இணைக்கும் குருத்தெலும்பு. ஆனால் ஒன்று நாலு காலில் நடக்கிற உடலின் கூடு, மற்றது நிமிர்ந்து நிற்கிற உடலின் கூடு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்திலிருந்து பிறந்தவை என்பது என் கட்சி. (தேக்காவில் விற்பது பெரும்பாலும் ஆஸ்திரேலியச் செம்மறிதானே, வெள்ளாடு அல்லவே என்று கேட்பவர்களுக்கு: நம் ஒப்பீட்டைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.)

எண்ணிக்கையை முதலில் முடித்துவிடலாம். மனிதருக்கு 12 சோடி விலா, ஆட்டுக்கு 13 சோடி. செம்மறிகளில் சிலவற்றுக்கு 14ஆவது சோடியும் இருப்பதுண்டு. மனிதரின் முதல் ஏழு சோடிகள் தத்தம் குருத்தெலும்பின் மூலம் நேராக மார்பெலும்பைத் தொடுகின்றன. எட்டு, ஒன்பது, பத்து ஆகியவை மேலே இருக்கும் விலாவின் குருத்தெலும்பில் ஒட்டிக்கொள்கின்றன. கடைசி இரண்டு சோடிகள் முன்பக்கம் எதையும் தொடாமல் தசைக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. ஆட்டுக்கு எட்டுச் சோடி நேரடியாகத் தொடும், ஐந்து தொடாது. ஆணுக்குப் பெண்ணைவிட ஒரு விலா குறைவு என்ற நம்பிக்கை ஆதாம் ஏவாள் கதையால் ஐரோப்பாவில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. இருபாலருக்கும் 24 எலும்புகளே என்று 1543ல் அச்சான தம் உடற்கூற்று நூலில் வெசேலியஸ் எழுதினார். அந்த எண்ணிலிருந்து விலகிப் பிறப்பவர்களும் உண்டு. கழுத்தெலும்பிலிருந்து கூடுதலாக ஒரு விலா முளைத்திருப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர் அல்லது அதற்கும் குறைவு. பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. சிலருக்கு அது கைக்குப் போகும் நரம்பை அழுத்தி விரல்களை மரத்துப்போகச் செய்யும்.

எண்ணிக்கையைவிட வடிவம்தான் சுவையானது. கொக்கியில் தொங்கும் ஆட்டுடலை முன்னாலிருந்து பாருங்கள். பக்கவாட்டில் ஒடுக்கம், முதுகிலிருந்து நெஞ்சுக்கு ஆழம். அடிப்பக்கம் படகின் அடியைப் போலக் கூராக முடிகிறது. விலாக்கள் முதுகெலும்பிலிருந்து ஏறக்குறைய நேராகக் கீழே இறங்குகின்றன. மனித நெஞ்சு இதற்கு நேர் எதிர். பக்கவாட்டில் அகலம், முன்பின்னாகத் தட்டை. நம் விலா முதுகெலும்பை விட்டு வெளியே வந்ததும் முதலில் பின்பக்கமாகப் போகிறது, பிறகு ஒரு கோணத்தில் திரும்பி முன்னால் வருகிறது. இதனால் முதுகெலும்பு கூட்டின் பின்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்காமல் உள்ளே தள்ளி நிற்கிறது. அதன் இரு பக்கமும் உண்டாகும் பள்ளங்களை நுரையீரல் நிரப்பிக்கொள்கிறது. நிமிர்ந்து நிற்கும் உடலின் எடை முன்னால் சாய்ந்துவிடாமல் முதுகெலும்புக்கு அருகிலேயே விழ இந்த ஏற்பாடு உதவுகிறது. இன்னொரு பலனும் இதில் கிடைத்திருக்கிறது. நாம் மல்லாந்து படுக்கலாம். ஆட்டை மல்லாத்திப் போட்டால் அது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

தேக்காவில் வாங்கிய ஒரு சாப்ஸ் துண்டைச் சமைக்குமுன் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பாடநூலின் ஒரு பக்கம் கையில் இருக்கும். ஆட்டுடலை நெடுக்காகப் பிளந்திருப்பதால் ஒரு முனையில் பாதி முதுகெலும்பு நிற்கும். அதில் விலா இரண்டு இடங்களில் பொருந்தியிருக்கும். நுனியிலுள்ள தலை முதுகெலும்பின் உடற்பகுதியைத் தொடும். அதிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் சிறு புடைப்பு, முதுகெலும்பிலிருந்து பக்கவாட்டில் நீளும் முளையைத் தொடும். இரண்டு மூட்டும் சேர்ந்து ஒரு கீலாக வேலை செய்கின்றன. மூச்சு இழுக்கும்போது விலா அந்த அச்சைச் சுற்றித்தான் சுழல்கிறது. மனிதரிலும் மேல் பத்துச் சோடிகளுக்கு இதே ஏற்பாடுதான், கடைசி இரண்டு சோடிகளுக்கு அந்தப் புடைப்பு கிடையாது. இந்த நுணுக்கத்தை நம் பழைய மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். சரக சம்ஹிதை விலாவெலும்புகள் 24, அவை பொருந்தும் குழிகள் 24, குழிகளில் பொருந்தும் புடைப்புகள் 24 என்று தனித்தனியே எண்ணி 72 எனக் கூட்டுகிறது. எண்ணும் முறை இன்றைய முறை அல்ல. ஆனால் எலும்பைக் கையில் எடுத்துப் பார்க்காதவருக்கு அந்தப் புடைப்பு கண்ணில் பட்டிருக்காது.

மார்பெலும்பில் வேறுபாடு இன்னும் வெளிப்படை. ஆட்டுக்கு அது ஆறேழு துண்டுகள் வரிசையாகக் கோத்த நீளமான கோல். சூப்பில் அந்தத் துண்டுகளுக்கு இடையே பல் இறங்குவது அங்கே குருத்தெலும்பு இருப்பதால்தான். வளர்ந்த மனிதருக்கு அது மூன்றே பகுதி: மேலே பிடி, நடுவே உடல், அடியில் வாள்முனை. இரண்டாம் நூற்றாண்டின் மருத்துவர் கேலன் மனித மார்பெலும்பு ஏழு துண்டு என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். அவர் அறுத்துப் பார்த்தது குரங்கையும் பன்றியையும் ஆட்டையும். மனித உடலை அறுக்க அன்றைய ரோமில் வழியில்லை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பிய மருத்துவர்கள் விலங்கின் நெஞ்சை மனித நெஞ்சு என்று நம்பிப் படித்தார்கள். மூன்றே பகுதி என்று திருத்தியதும் வெசேலியஸ்தான். கேலனை முட்டாளாக்கிப் பேசுவது இன்று எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. குழந்தையின் மார்பெலும்பைப் பார்த்தால் நடுப்பகுதி தனித்தனித் துண்டுகளாகத்தான் இருக்கும். அவை பருவ வயதில் தொடங்கி 25 வயதுக்குள் ஒன்றாக ஒட்டுகின்றன. வாள்முனை முழுவதும் எலும்பாக நாற்பது வயதாகலாம்.

குழந்தையைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிட வேண்டும். பிறந்த குழந்தையின் நெஞ்சு நம்முடையதைப் போலத் தட்டை அல்ல, குறுக்குவெட்டில் பார்த்தால் ஏறக்குறைய வட்டம். விலாக்கள் சரியாமல் கிடையாகவே நிற்கும். அதனால் அவற்றை மேலே தூக்கி நெஞ்சை விரிக்கக் குழந்தையால் முடியாது. தொட்டிலில் தூங்கும் குழந்தைக்கு நெஞ்சு அசையாமல் வயிறு மட்டும் ஏறி இறங்குவதைப் பார்த்துக் கவலைப்படும் புதுத் தாய்மார் உண்டு. அது உதரவிதானம் என்னும் தசைத்திரை தனியாகச் செய்யும் வேலை, கவலைக்குரியதல்ல. குழந்தை உட்கார்ந்து, எழுந்து, நடக்கத் தொடங்கிய பிறகே விலாக்களின் முன்முனைகள் கீழே சரிகின்றன, நெஞ்சு தட்டையாகிறது. இந்த வடிவத்துக்கான திட்டம் பிறப்பிலேயே இருந்தாலும், அதை முடித்துக்கொடுப்பதில் நிமிர்ந்து நிற்பதற்கும் பங்கு உண்டு. என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அடுத்தது தோள். கறிக்கடைக்காரர் ஆட்டின் முன்னங்காலைப் பிரிப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பின்னங்காலைப் பிரிக்க இடுப்பு மூட்டைத் தேடிக் கத்தியை நுழைக்க வேண்டும், இல்லையென்றால் வெட்டுக்கத்தியை ஓங்க வேண்டும். முன்னங்காலுக்கு அது தேவையே இல்லை. காலைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, விலாவுக்கும் தோள்பட்டை எலும்புக்கும் இடையே சிறு கத்தியை ஓட்டினால் பட்டையோடு கழன்று வந்துவிடும். ஓர் எலும்புகூட அறுபடாது. ஆட்டுக்குக் காறை எலும்பு கிடையாது என்பதே காரணம். அதன் முன்னுடல் முழுவதும் இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவே தசையால் கட்டிய தூளியில் தொங்குகிறது. மதில்மேலிருந்து குதிக்கும் ஆடு முன்னங்காலை ஊன்றி இறங்கும்போது அந்த அதிர்ச்சியைத் தசை வாங்கிக்கொள்கிறது. விலாக்கூடு அடிவாங்குவதில்லை.

நமக்குக் காறை எலும்பு உண்டு. கை உடலோடு எலும்பால் இணையும் ஒரே இடம், காறை எலும்பு மார்பெலும்பின் பிடியைத் தொடும் அந்தச் சிறு மூட்டுதான். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோவில்வரை தோளில் காவடி சுமந்து வருகிறவர்களைப் பார்த்தால், மனித நெஞ்சு எதற்காக இப்படி ஆயிற்று என்பது விளங்கும். தோள்பட்டை எலும்பு ஆட்டுக்கு நெஞ்சின் பக்கவாட்டில் ஒட்டி நிற்கிறது, நமக்கோ தட்டையான முதுகின்மேல் படிந்திருக்கிறது. அதனால்தான் கை பக்கவாட்டில் விரிகிறது, தலைக்குமேல் உயர்கிறது, தோள் சுமை தாங்குகிறது. இந்த வசதிக்கு விலையும் உண்டு. ஈரத்தரையில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தால் அந்த விசை காறை எலும்பு வழியாக மார்பெலும்பை நோக்கிப் போகும். உடலில் அடிக்கடி முறியும் எலும்புகளில் ஒன்றாக அது இருப்பது இதனால்தான்.

எக்ஸ்ரே அறையிலும் இதே வேறுபாடு வந்து நிற்கும். நெஞ்சைப் பலகையில் ஒட்டிவைத்து, கையை இடுப்பில் வைத்து, தோளை முன்னால் தள்ளச் சொல்கிறார்களே, அது தோள்பட்டை எலும்பின் நிழல் நுரையீரலின்மேல் விழாமல் விலக்குவதற்காக. பிறகு மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள். மலாய்க்காரப் பாட்டிக்கு அது "தாரிக் நஃபாஸ்". போதிய அளவு இழுத்தோமா என்பதைப் படத்தில் விலாவை எண்ணியே கண்டுபிடிக்கிறார்கள். உதரவிதானத்துக்குமேல் பின்பக்க விலாக்கள் பத்து தெரிந்தால் சரி. ஆட்டுக்கு நெஞ்சுப் படம் எடுக்கும் கால்நடை மருத்துவர் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் எடுப்பார். முன்னங்கால்களை முன்னால் இழுத்துப் பிடிக்க ஓர் ஆளும் வேண்டும். அவருடைய தொல்லையும் தோள்தான்.

மூச்சுக்கு வருவோம். மனிதரின் மேல் விலாக்கள் முன்னும் மேலுமாக எழும்புகின்றன, இதைப் பாடநூல்கள் அடிபம்பின் கைப்பிடி அசைவு என்கின்றன. கீழ் விலாக்கள் பக்கவாட்டில் எழும்புவதற்கு வாளிப்பிடி அசைவு என்று பெயர். விலாவின் கீழ்ப்பகுதியில் இரு உள்ளங்கைகளையும் வைத்து ஆழ மூச்சிழுத்தால் இரண்டாவது அசைவைக் கையிலேயே உணரலாம். ஆட்டின் முன் விலாக்கள் கால்களுக்கு நடுவே அகப்பட்டு, உடலைத் தாங்கும் தசைகளுக்குப் பிடிமானமாக இருப்பதால் அதிகம் அசைய முடியாது. மூச்சுக்கான அசைவில் பெரும்பகுதி பின் விலாக்களுடையது. அங்கேயும் இடது பக்கம் முழுக்க அசைபோடும் பெரிய இரைப்பை வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆட்டுக்கு வயிறு உப்பினால் மூச்சு முட்டுவதற்குக் காரணம் இந்த அண்டை வீட்டுச் சண்டைதான்.

நாலுகால் ஓட்டத்தில் மூச்சு காலுக்குக் கட்டுப்பட்டது. முன்னங்கால் தரையில் மோதும்போது நெஞ்சு அழுந்தும், எம்பும்போது விரியும், ஆகவே பாய்ந்தோடும் விலங்குக்கு ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு. பிராம்பிள், கேரியர் என்ற இருவர் 1983ல் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். மனிதருக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதும் அவர்கள் கண்டதே. இரண்டு எட்டுக்கு ஒரு மூச்சு, மூன்றுக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று என்று ஓடுகிறவர் மாற்றிக்கொள்ளலாம். பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள 4.3 கிலோமீட்டர் பாதையில் அரட்டை அடித்தபடியே மெல்லோட்டம் போகிறவர்கள், கை தரையை விட்டு எழுந்ததால் நெஞ்சுக்குக் கிடைத்த விடுதலையைத்தான் அனுபவிக்கிறார்கள். பேச்சு என்பது சட்டென்று இழுத்து நீளமாக விடும் மூச்சு. அந்த நீளத்தை அளந்து விடுவதில் விலாவிடைத் தசைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

வேறுபாடுகளையே அடுக்கிக்கொண்டு போனால் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை என்பது மறந்துவிடும். ஒவ்வொரு விலாவின் பின்விளிம்பை ஒட்டியும், அதாவது நிமிர்ந்த மனிதருக்குக் கீழ்விளிம்பை ஒட்டியும், ஒரு பள்ளத்தில் சிரை, தமனி, நரம்பு மூன்றும் ஓடுகின்றன. நெஞ்சில் நீர் கோத்தவருக்கு ஊசி போடும் மருத்துவர் அந்த மூன்றையும் குத்திவிடாமல் இருக்க விலாவின் மேல்விளிம்பை உரசியே ஊசியை நுழைப்பார். ஆட்டு மருத்துவரும் அதையேதான் செய்கிறார். விலாவின் உள்ளே சிவப்பு மச்சை இரு உயிர்களுக்கும் ஆயுள் முழுக்க இரத்த அணுக்களை உருவாக்கிக்கொண்டிருக்கிறது. இளம் ஆட்டின் விலா ஒடுங்கிச் செந்நிறமாகவும் கிழட்டு ஆட்டின் விலா அகன்று வெளுத்தும் இருக்கும், கறி வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம். குருத்தெலும்பும் அப்படித்தான். குட்டிக்கு மொறுமொறுவென்று கடிபடும், வயதானதற்குச் சுண்ணாம்பேறி இறுகிவிடும். மனிதருக்கும் வயது ஏற ஏற விலாக் குருத்து இறுகி நெஞ்சின் நெகிழ்ச்சி குறைகிறது. நெஞ்சுச் சளிக்கு நெஞ்செலும்பு சூப் என்ற நம் வீட்டு வைத்தியத்தில் சூடும் மிளகும் உப்பும் செய்யும் உதவி உண்மை. நெஞ்சு நெஞ்சுக்குப் போய்ச் சேரும் என்ற கணக்கை நான் ஏற்கவில்லை. சூப்பை விடவும் இல்லை.

இதயத்தின் இருக்கை இந்த ஒப்பீட்டில் கடைசி. ஆட்டின் இதயம் மூன்றாவது விலாவுக்கும் ஆறாவதுக்கும் இடையில், கூரான நெஞ்சின் அடியில், மார்பெலும்போடு தசைநாரால் கட்டுண்டு நிற்கிறது. மனித இதயத்தின் உறை உதரவிதானத்தின்மேல் ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. முன்னால் தட்டையான மார்பெலும்பு, பின்னால் உள்ளே தள்ளி நிற்கும் முதுகெலும்பு, இரண்டுக்கும் நடுவே இதயம். மனிதரைக் கடினமான தரையில் மல்லாத்தி மார்பெலும்பை அழுத்தினால், நின்றுபோன இதயத்திலிருந்து இரத்தம் மூளைக்குப் போகும். 1960ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கௌவென்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் வெளியிட்ட முறை இது. இதன் தொடக்கம் நாய்களில் நடந்த சோதனை. மின்னதிர்ச்சி கொடுக்கும் தட்டை நாயின் நெஞ்சில் அழுத்தியதுமே இரத்த அழுத்தம் சற்று ஏறுவதை நிக்கர்பாக்கர் கவனித்தார். ஆழமும் ஒடுக்கமுமான நெஞ்சுள்ள நாய்களுக்குப் பக்கவாட்டில் படுக்கவைத்து விலாவின்மேல்தான் அழுத்த வேண்டும் என்பது இன்றைய கால்நடை மருத்துவ வழிகாட்டுதல். மனிதருக்கு முன்னாலிருந்து அழுத்த முடிவது இந்தத் தட்டை நெஞ்சின் தயவு.

விலா முறிந்துவிடுமே என்று பயந்து கையை எடுத்துவிடுகிறவர்கள் நம்மில் அதிகம். முறியலாம், முதியவர்களுக்கு அடிக்கடி முறிகிறது, ஆனால் முறிந்த விலா ஆறும். பிடோக்கில் முதியவர்கள் நிறைந்த புளோக்குகள் எத்தனையோ. ஒருவர் விழுந்து, அழைத்தும் அசையாமல், சரியாக மூச்சும் இல்லாமல் கிடந்தால் 995ஐ அழையுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று தொலைபேசியிலேயே சொல்லித்தருவார்கள். மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் இரு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். 2015ல் தொடங்கிய திட்டத்தில் இரண்டு வீவக புளோக்குகளுக்கு ஒன்று என்ற கணக்கில் இதயத் துடிப்பு மீட்புக் கருவிகளைக் கீழ்த்தளத்தில் பொருத்தியிருக்கிறார்கள். உங்கள் புளோக்குக்கான கருவி எங்கே இருக்கிறது என்று இன்று கீழே இறங்கும்போது பார்த்துவையுங்கள்.